விழுங்கிய எழுத்துகள்

நான் லிவர்ப்பூல்காரி.
நாரிச்சில் அவசர அழைப்பு எடுக்கும் வேலை, முதல் வாரம்.
திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டொன்றை ஒட்டினார்
பக்கத்து நாற்காலி கீத் லார்ட்டர்:
வைமண்ட்ஹாம் என்று எழுதியிருக்கும், விண்டம் என்பார்கள்.
காஸ்டெஸ்ஸி, காஸி.
ஹன்ஸ்டாண்டன்? ஹன்ஸ்டன்.
"மற்றதெல்லாம் போகப் போகத் தெரியும்."

எது போகப் போக,
ஆம்புலன்ஸா என்று நான் கேட்கவில்லை.

நார்ஃபோக்கில் எழுத்துக்கும் வாய்க்கும்
ஏழாம் பொருத்தம்.
பலகையில் ஒரு ஊர் நிற்கும்,
பேச்சில் வேறொன்று இறங்கிப் போகும்.
என் ஊர்ப்பக்கத்திலும் சில உண்டுதான்.
ஆனால் அங்கே விழுங்கியது நான்,
அதனால் தொண்டையில் சிக்கியதில்லை.

நவம்பர். இரவு இரண்டே கால்.
"கொலின் சமையலறையில விழுந்து கிடக்கிறார்,
மூச்சைக் காணோம்,
ஹேஸ்பரா, பீச் ரோடு, சீக்கிரம்!"

காதில் விழுந்தபடியே தட்டினேன்.
அப்படி ஓர் ஊர் இல்லை என்றது கணினி.
வேறு மாதிரி தட்டினேன்,
கடலுக்கு நடுவே ஒரு மணல்திட்டைக் காட்டியது.
அவள் கைபேசிக்குக் கோபுரம் போட்ட வட்டத்திலும்
பாதி கடல்தான்.

"எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்."
"ஹேஸ்பரா! ஹேஸ்பரா!
என் ஊர் எனக்குத் தெரியாதா?"

தெரியும்.
தெரிந்த ஊரை யார் எழுத்துக்கூட்டிப் பார்க்கிறார்கள்?
மெய்யெல்லாம் உதிர்ந்துவிட்ட பெயரில்
மிஞ்சியிருந்த உயிரைத்தான்
அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

பிறகு, அழுகையைக் கையால் ஒதுக்கி வைத்தவள்போல்
ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள்.
ஹெச். ஏ. பி. இன்னொரு பி. ஐ.
ஹாப்பி என்று தட்டியிருந்தன என் விரல்கள்,
அந்த நேரத்தில், அந்த வார்த்தையை.
எஸ். பி. யூ. ஆர். ஜி. ஹெச்.
பதினோரு எழுத்து.
பாதிகூட அவள் வாய்க்கு வந்து சேர்ந்ததில்லை.
வண்டி கிளம்பியது.

"இரண்டு கையையும் நெஞ்சின் நடுவில் வையுங்கள்,
என்னோடு எண்ணுங்கள்."
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
நல்ல வேளை,
எண்களில் யாரும் எதையும் விழுங்குவதில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
மூச்சிரைக்க அவளும் எண்ணினாள்,
மூன்றை மட்டும் அவள் ஊர் மாதிரி சொன்னாள்.
கதவு. பூட்ஸ் சத்தம். ஓர் ஆணின் குரல்.
இணைப்பு அறுந்தது.

முடிவை எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.
அடுத்த அழைப்பில்
யாரோ ஒருவரின் பூனை கூரைமேல் இருந்தது.

விடிந்ததும் மஞ்சள் சீட்டின் அடியில்
ஒரு வரி சேர்த்தேன்.
கீத் பார்த்தார், தலையைச் சொறிந்தார்,
"அதை எழுத மறந்துட்டேன், என் மாமியார் ஊர்" என்றார்.

ஜனவரியில் விடுமுறை நாளொன்று.
பேருந்தில் ஏறி, "ஹேஸ்பரா, ஒன்று" என்றேன்.
ஓட்டுநர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம், ஒப்புக்கொள்கிறேன்.
சீட்டில் மட்டும் பதினோரு எழுத்தும்
வரிசை குலையாமல் அச்சாகியிருந்தன.

பீச் ரோடு நடந்துகொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது.
தார் விளிம்பு, கம்பிவேலி, பிறகு காற்று.
கீழே பழுப்புக் கடல்
களிமண்ணை மென்றுகொண்டிருந்தது.
"அந்தப் பக்கம் இன்னும் வீடுகள் இருந்தன"
என்றான் நாயோடு வந்த ஒருவன்,
அலைக்கு மேலே வெற்றிடத்தைக் காட்டி.
வரைபடத்தில் இன்னும் இருக்கின்றனவாம்.
நாய்க்கு அவசரம், போய்விட்டார்கள்.

முகவரி எனக்கு மனப்பாடம்.
சமையலறை ஜன்னலில் விளக்கு எரிந்தது.
மேசைமேல் எத்தனை கோப்பை என்று
எண்ணாமல் திரும்பினேன்.